கேக்குதா?

நங்கநல்லூர்க்காரர்களை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள். மீனம்பாக்கத்தில் கிளம்பிய விமானம் இரைச்சலோடு போய்த் தொலைந்ததும், விட்ட இடத்திலிருந்து ஓர் எழுத்துகூடப் பிசகாமல் தொடர்வார்கள். காற்றில் சத்தம் அதிகமானால் பேச்சைக் குறை. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை இது.

இதையே ஒரு ரேடியோவுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் மூன்று மாதமாகப் போராடிக்கொண்டிருந்தான் இரண்டாவது மாடிப் பையன். எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டின் பெயர் நீளமானது: சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோவில் வேரியபிள் ரேட் டேட்டா. பி.காம். படித்த எனக்கு அதில் புரிந்த ஒரே வார்த்தை ரேடியோ.

"ரொம்ப சிம்பிள் அங்கிள்" என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கிற எதுவும் சிம்பிளாக இருந்ததில்லை. ஆனால் இது ஓரளவு புரிந்தது. பழைய ரேடியோவில் எல்லா வேலையையும் காயிலும் கண்டென்சரும் செய்தன. வேறு விதமாகப் பேச வேண்டுமென்றால் வேறு ரேடியோ வாங்க வேண்டும். இவன் வைத்திருப்பது சீட்டுக்கட்டு சைஸில் ஒரு போர்டு. ஆன்டெனாவில் விழும் அலையை எண்களாக்கி லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். மீதியெல்லாம் ப்ரோக்ராம். நாலு வரி மாற்றினால் அது வேறு ரேடியோ. 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பேசிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விட்டுவைத்திருக்கும் ஒரு சின்ன சந்தில் இவன் குடித்தனம்.

லேப்டாப்பில் ஒரு படம் காட்டினான். பார்த்ததும் சிரித்துவிட்டேன். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. மார்கழிக் கோலமேதான்! சிக்னல் நன்றாக இருக்கும்போது அலையின் ஒவ்வோர் அசைவும் இந்த 64 புள்ளிகளில் ஒன்றைக் காட்டும். அதாவது ஒரே அசைவில் 6 பிட். வேகம். ஆனால் அதே வாசலில் 64 புள்ளி என்றால் நெருக்கமாகத்தானே வைக்க வேண்டும்? லேசாகத் தூறல் போட்டால் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். அப்போது வாசலின் நாலு மூலைக்கும் நாலே நாலு பெரிய புள்ளி. அசைவுக்கு 2 பிட்தான். மூன்றில் ஒரு பங்கு வேகம். ஆனால் அடைமழையிலும் எந்தப் புள்ளி எது என்று தெரியும்.

செய்து காட்டினான். ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோனான். 64 புள்ளிகளும் ஈசல் கூட்டம் மாதிரி பறந்தன. ஒரு நொடி எல்லாம் குழம்பி, பிறகு நாலு மூலையில் நாலு கொத்தாக உட்கார்ந்தன. கீழே அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த போட்டோ, நிற்காமல், நத்தை மாதிரி ஊர்ந்தது.

இந்த வித்தை புதிதில்லை. செல்போனில் நம் குரலே இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. 1990-களின் கடைசியில் ஜி.எஸ்.எம். போன்களுக்காக ஏ.எம்.ஆர். என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு முழு வழிக்கு விநாடிக்கு 22.8 கிலோபிட் இடம். சிக்னல் சுகமாக இருந்தால் 12.2 குரலுக்கு. மோசமானால் படிப்படியாக 4.75 வரை குரலைச் சுருக்கிவிட்டு, மிச்சத்தையெல்லாம் பிழை திருத்தும் பாதுகாப்புக்குச் செலவழிக்கும். சம்பளம் அதேதான், இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறுகிறது. எனக்கு இது உடனே புரிந்தது.

செவ்வாயிலும் இதே கதை. 2012 ஆகஸ்ட்டில் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, நேராகப் பூமிக்குப் பேசினால் விநாடிக்கு 500-லிருந்து 32,000 பிட் வரைதான் அனுப்ப முடியும். அதனால் தலைக்கு மேல் சுற்றும் எம்.ஆர்.ஓ. விண்கலத்திடம் கொடுத்தனுப்புகிறது. இரண்டிலும் இருப்பது சாஃப்ட்வேர் ரேடியோ. விண்கலம் அடிவானத்தில் எழுந்து, உச்சிக்கு வந்து, மறுபக்கம் மறைவதற்குள் சில நிமிடங்கள்தான் அவகாசம். அதற்குள், "இப்போ நல்லா கேக்குது, வேகமா சொல்லு", "இப்போ மெதுவா" என்று விண்கலம் சொல்லிக்கொண்டே இருக்கும். உச்சத்தில் விநாடிக்கு 20 லட்சம் பிட்.

கவனியுங்கள், வேகத்தை முடிவு செய்வது பேசுகிறவர் இல்லை, கேட்கிறவர்.

பையன் இன்னொன்றும் சொன்னான். ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும், "உள்ளே இருப்பது இந்த வேகம்" என்று ஒரு குறிப்பு போகும். அந்தக் குறிப்பு மட்டும் எப்போதும் ஆக மெதுவான வேகத்தில்தான். கடிதத்தை எப்படிக் கிறுக்கினாலும் விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுவோமே, அது போல. கடைசியில் ஒரு கூட்டுக் கணக்கு. டேலி ஆகவில்லையென்றால் கேட்கும் பக்கம், "வரலை, திரும்ப அனுப்பு" என்று கூச்சமில்லாமல் சொல்லும். "ரிசீவர் பொய் சொன்னா மொத்த சிஸ்டமும் காலி அங்கிள்" என்றான்.

எங்கள் வீட்டில் பொய் சொல்கிற ரிசீவர் ஒன்று உண்டு. அம்மா. வயது 78. காது கொஞ்ச காலமாகவே மந்தம், அதை ஒப்புக்கொள்வதில்லை. நியூஜெர்சியிலிருந்து பேரன் கடகடவென்று பேசுவான். "ம்... ம்... சரிடா கண்ணா" என்பாள். போனை வைத்ததும், "என்ன சொன்னான்?" என்று என்னைக் கேட்பாள். இது வேடிக்கை. ஆனால் ஒருநாள் நான் ஆபீஸில் இருந்தபோது டாக்டர் போன் செய்து, "பி.பி. மாத்திரை இனிமே அரை போதும்மா" என்றிருக்கிறார். "சரி டாக்டர்" என்றாள். முழு மாத்திரையையே போட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலை சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நல்லவேளை, விழவில்லை.

டாக்டர் மேல் தப்பில்லை. அவர் காதில் விழுந்தது "சரி". எந்த ரேடியோவும் அதை நம்பி அடுத்த பாக்கெட்டுக்குப் போயிருக்கும்.

அதன் பிறகு வீட்டில் ஒரு சட்டம். யார் என்ன சொன்னாலும் "சரி" கூடாது. கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். "நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம். அது போகும்வரை வழக்கம்போலக் காத்திருந்துவிட்டுச் சொன்னேன், "அதை ஓட்டறவரும் டவர்ல சொன்னதைத் திரும்பச் சொல்லணும்மா. அதுதான் ரூல்." பைலட்டே சொல்கிறார் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

இப்போது டாக்டரிடமும் மருந்துக் கடைப் பையனிடமும் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறாள். நேற்று வாசலில் கீரைக்காரம்மா, "நாப்பது ரூவாம்மா" என்றாள்.

"பதினாலா?" என்றாள் அம்மா.

அது காதா, பேரமா என்று நான் கேட்கப் போகவில்லை.