கண்ணாடிக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வாங்குங்கள்

சாஆ வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்குச் சொந்த வீட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் தாமானில் ஒரு வீடு வாங்கி, அதை அழகுபடுத்திப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அலங்காரக் கண்ணாடி மேல் கண் போவது அப்போதுதான். உழைத்துச் சேர்த்த பணம் அல்லவா? கடைக்குப் போகும் முன் ஜொகூர் பாருவுக்கு ஒருநாள் போய் வாருங்கள்.

சாஆவிலிருந்து யோங் பெங், ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆயர் ஈத்தாமில் சாலையோரத்துப் பீங்கான் கடைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஜொகூர் பாரு நகரில் நீங்கள் பார்க்க வேண்டியது அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம். கண்ணாடிக் கோயில் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இக்கோயில் 1922-இல் ஒரு சிறு குடிசையாகத் தொடங்கியது. கண்ணாடி வேலை நடந்து முடிந்து 2009-இல் புதுக்கோலம் கொண்டது. பாங்காக்கில் கண்ட ஒரு கோயிலின் பளபளப்பே இதற்குத் தூண்டுதல் என்பார்கள். சுவர், தூண், விதானம் எங்கும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். உள்ளே நின்று நிமிர்ந்து பாருங்கள். ஒரு விளக்கின் ஒளி ஆயிரம் விளக்காகத் தெரியும். அருகில் போய்த் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணச் சின்னத் துண்டுதான்!

இங்கே வீட்டுக்கு ஒரு பாடம் இருக்கிறது. மலாயாவிலும் பர்மாவிலும் பொருள் தேடிய செட்டியார்கள், காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளில் பெல்ஜியம் நாட்டு ஆளுயரக் கண்ணாடிகளை மாட்டினார்கள். அந்தப் பெரிய கூடங்களுக்கு அது பொருந்தும். நம் வீட்டுக்கு அவ்வளவு பெரிது தேவையில்லை. சாமி மேடையைச் சுற்றியோ கைகழுவும் இடத்திலோ ஒரு முழ அகலத்துக்குச் சில்லுக் கண்ணாடி பதித்தாலே போதும், வீடு களைகட்டும். ஆனால் துண்டுகளின் விளிம்பு வெளியே நீட்டாதபடி சந்துகளில் பூச்சு நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளைகளின் விரல் படும் இடம் அது.

சன்னலுக்கு என்ன கண்ணாடி? பூ வேலைப்பாடு உள்ள கண்ணாடி நல்லது. உருக்கிய கண்ணாடியை உருளைகளுக்கு நடுவே விட்டு அச்சுப் பதித்துச் செய்வது அது. வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் உருவம் தெளிவாகத் தெரியாது. வழவழப்பான பக்கத்தை வெளியே வையுங்கள். தூசியைக் கழுவுவது சுலபம். மங்கல் கண்ணாடி என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது அருகில் நிற்பவரின் நிழல் வெளியே விழும். குளியலறைக்கு அதைப் போட்டாலும் உள்ளே ஒரு திரை வேண்டும். வெறும் நிறக் கண்ணாடியும் இரவில் மறைக்காது. வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் எல்லாம் தெரியும்.

கதவுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் சாதாரணக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். அது உடைந்தால் கத்திபோல் கூராகச் சிதறும். பதப்படுத்திய கண்ணாடியைக் கேளுங்கள். அது பல மடங்கு பலமானது. உடைந்தாலும் கல்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும். ஆனால் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அதனால் அளவையும் கைப்பிடித் துளையையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே சொல்லுங்கள். தலைக்கு மேலே வரும் கண்ணாடிக்கு, இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஏடு ஒட்டிய வகை ஏற்றது. உடைந்தாலும் துண்டுகள் அந்த ஏட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

முகம் பார்க்கும் கண்ணாடியை ஈரச்சுவரில் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ஈரம் பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளி விழும். கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினால் பல ஆண்டுகள் உழைக்கும்.

மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் பெரிய கண்ணாடி போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வீடு அடுப்பாகிவிடும். காற்று வரும் நாக்கோ சன்னலை எடுத்துவிட்டு அசையாத கண்ணாடி போட்டால், பிறகு விசிறிக்கும் மின்சாரத்துக்கும் அழ வேண்டியிருக்கும்.

வாங்கும் நாளில் வீட்டம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், ஐயா. அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்கப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். அவர் கைக்கு எட்டாத உயரத்தில் எந்த அலங்காரமும் வேண்டாம்.