தேய்ந்த காசின் ஆண்டு

கைமாறிக்கொண்டே இருப்பது காசின் தொழில். பொற்காசைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். வெள்ளி ரூபாயைத் துணியில் முடிந்து வைத்தனர். செப்புக் காசோ நாள்தோறும் சந்தைக்குச் சென்றது. உப்புக்கும் புளிக்கும் கீரைக்கும் விலையாயிற்று; ஏழையின் மடியிலும் கடைக்காரரின் கல்லாவிலும் மாறி மாறித் தங்கிற்று. ஆதலின் பழங்காசுகளுள் மிகுதியாகத் தேய்ந்தது அதுவே. அத்தகைய காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், பழுப்பு நிற வட்டம் ஒன்றே கண்ணுக்குப் புலப்படும். "இதில் ஆண்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, உடனே அதை என் கையில் திருப்பித் தந்தவர் பலர்.

ஆண்டைக் காண விரும்புவோர் முதலில் செய்யவேண்டுவது, ஒன்றும் செய்யாதிருத்தலே. செம்பைக் கண்டவுடன் நம் வீடுகளில் கை புளியைத் தேடும். குடத்துக்கு அது நன்று, காசுக்குத் தீங்கு. நெடுங்காலமாகப் பள்ளங்களில் படிந்த கருமைதான் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டுகிறது. புளியிட்டுத் துலக்கினால் காசு பளபளக்கும், எழுத்து மறையும். சாம்பலிட்டுத் தேய்த்தாலோ, எஞ்சியிருந்த சிறு மேடும் போய்விடும். மண் ஒட்டியிருப்பின் தூய நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தல் போதும்.

நண்பகல் வெளிச்சம் இப்பணிக்கு உதவாது. அறையை இருளாக்கி, ஒரே ஒரு விளக்கைக் காசின் விளிம்புக்கு நேராகத் தாழ வைத்து, காசை மெல்லச் சுழற்ற வேண்டும். மாலை வெயிலில் தாழ்ந்த வரப்பும் வயலில் நீண்ட நிழல் வீழ்த்தக் காண்கிறோம் அன்றோ? அவ்வாறே மயிரிழை உயரம் எஞ்சிய இலக்கமும் நிழல் வீழ்த்தும். ஒரு கோணத்தில் எட்டின் வயிறு தோன்றி மறையும்; மற்றொரு கோணத்தில் ஏழின் சாய்ந்த கால் தெரியும். இக்காலத்தில் விளக்கை நாற்புறமும் மாற்றி வைத்துக் கைப்பேசியால் படமெடுத்து ஒப்பிடுவோரும் உளர். நல்ல வழிதான், எனினும் பொறுமைக்கு ஈடான கருவி இதுகாறும் தோன்றவில்லை என்பது என் எண்ணம்.

அவ்வாறு பார்த்தும் இலக்கம் புலப்படாவிட்டால், அக்காசு எந்தெந்த ஆண்டுகளைத் தாங்கி வெளிவந்தது என்பதை நினைவுகூர வேண்டும். சென்னை மாகாணத்தில் வழங்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோகோ ஆலையில் அடித்து வரவழைத்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களில் 1803 அல்லது 1808 என்ற ஆண்டு இருக்கும். ஈற்றிலக்கத்தின் இடப்புறம் திறந்திருந்தால் மூன்று; மூடியிருந்தால் எட்டு. 1808 ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிய 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பின்னர் அக்காசுகள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. ஒரு நாளும் சந்தைக்குச் செல்லாத அவற்றுள் பலவற்றில் ஆண்டு இன்றும் தெளிவாக இருக்கிறது!

1835 ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே வகை நாணயம் ஏற்பட்டது. அந்தக் காலணாவில் 1835, 1857, 1858 என்னும் ஆண்டுகளே காணப்படும். மூன்றாம் இலக்கம் மூன்றாயின் வேலை முடிந்தது. ஐந்தாயின் ஈற்றில் ஏழோ எட்டோ என்று பார்த்தல் போதும். திப்பு சுல்தானின் யானைக் காசோ வேறு வகையில் மயக்கும். அவர் தம் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் புதிய ஆண்டுக் கணக்கைத் தொடங்கி, இலக்கங்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். 1226 என்பது 6221 போல் நிற்கும்.

விக்டோரியா அரசியாரின் காலணாவில் இலக்கம் முற்றும் அழிந்தாலும் பட்டம் உதவும். 1862 முதல் 1876 வரை அதில் 'குயின்', அதாவது அரசி, என்றிருந்தது. 1877 முதல் 'எம்ப்ரஸ்', அதாவது பேரரசி, என்றாயிற்று. முகமும் எழுத்தும் அழிந்த காலணாவுக்குத் தராசு துணை செய்யும். செம்பாலான காலணா ஏறத்தாழ ஆறரை கிராம். 1906 இல் வெண்கலத்துக்கு மாறியபின் ஐந்து கிராமுக்கும் சற்றுக் குறைவு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவுவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் தலைவாயில் நிலையைக் கரையான் அரித்துவிட்டதால் பெயர்த்தெடுத்தார். நிலை வைக்கும்போது அடியில் காசு இடுவது நம்மவர் வழக்கம். அங்கே ஒரு செப்புக் காசு கிடந்தது. அவ்வீட்டைக் கட்டியவர் தம் பாட்டனாரின் தந்தை என்பது அக்குடும்பத்தில் வழிவழி வந்த செய்தி. பாட்டனாரைப் பற்றியோ, தந்தை தேடிய பொருளை அழித்தவர் என்ற பேச்சே நிலவிற்று. தந்தையார் 1876 இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்கு முன்பே காலமானார் என்று பழைய கணக்கேட்டில் குறிப்பு இருந்தது.

இரண்டு மாலைப் பொழுதுகள் அக்காசுடன் கழிந்தன. ஆண்டு இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. எழுத்து வரிசையின் முடிவில், வளைந்த எழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து நிழலிட்டன. 'குயின்' என்பதன் ஈற்றெழுத்து நேர்கோடுகளால் ஆனது. 'எம்ப்ரஸ்' என்பதன் ஈற்றில்தான் எஸ் என்னும் எழுத்து இருமுறை வரும். மேலும், மண் காசை அரிக்குமேயன்றி வழவழப்பாகத் தேய்க்காது. அது 1877 க்குப் பின்னும் சில காலம் பலர் கையில் உலவியபின்பே நிலையின் அடிக்கு வந்திருக்க வேண்டும்.

பெரியவர் கூர்ந்து கேட்டார். "நிலையை மட்டும் பின்னாளில் மாற்றியிருக்கலாம் அல்லவா, தம்பி?" என்றார்.

"மாற்றியிருக்கலாம், ஐயா. சுவர் எப்போது எழுந்தது என்பதை இக்காசு கூறாது. இந்த நிலை 1877 க்கு முன் வைத்ததன்று என்பதை மட்டுமே கூறும்" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இந்த வாயிலையாவது என் பாட்டனார் வைத்திருக்கிறார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கணக்கேட்டை எடுத்துவரச் செய்தார். பழைய குறிப்பின் கீழே, "தலைவாயில் நிலைக் காசு: காலணா. ஆண்டு தெரியவில்லை. 1877 க்குப் பின்" என்று தம் கையாலேயே எழுதினார். புதிய நிலை வைத்த அன்று அந்தக் காலணாவை அதே இடத்தில் இட்டு, அதனருகே அவ்வாண்டு வெளியான ஒரு ரூபாயையும் வைத்தார்.