நிற்காத வண்டி

"ஜெர்மன் இன்ஜின் சார். சாகவே சாகாது."

காரை எனக்கு விற்றவர் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். சின்ன வயதிலிருந்தே நான் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா கோவையில் ஒரு நூற்பாலை முதலாளியிடம் டிரைவராக இருந்தார். 2001-ல் முதலாளி கறுப்பு நிறத்தில் ஒரு ஜெர்மன் டர்போ டீசல் செடான் வாங்கினார். லீவு நாட்களில் வண்டி கழுவ அப்பாவோடு நானும் போவேன். பிற்பாடு, விருந்தாளிகள் வந்தால் முதலாளி பானெட்டைத் தட்டிச் சொல்வார்: "மூணு லட்சம் கிலோமீட்டர். ஒரு நாள் வழியில நின்னதில்ல. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்." அப்பா துணியோடு பக்கத்தில் நின்று சிரித்துக்கொள்வார்.

இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. சென்னை ஓ.எம்.ஆரில் வேலை. சர்வர்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் டீம். போன வருடம், 2020-ல் தயாரான ஒரு ஜெர்மன் செடானை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு லிட்டர் டர்போ டீசல், ஐந்து வருட இ.எம்.ஐ. அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைக்க வேண்டும் என்பது நான் வெளியே சொன்ன காரணம். அந்த பானெட்டை நானும் ஒரு தடவை தட்ட வேண்டும் என்பது சொல்லாத காரணம்.

எட்டாவது மாதம் சத்தம் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் மெல்லிய விசில். சில வாரங்களில் அது ஊளையானது. ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செருகிப் பார்த்தேன். எர்ரர் கோட் ஒன்றும் இல்லை. சர்வீஸ் சென்டரிலும் அதையேதான் சொன்னார்கள். "கோட் வரட்டும் சார், பாத்துக்கலாம்." நானும் லாக் படித்துப் பிழைப்பவன். எர்ரர் இல்லை என்றால் பிரச்சினை இல்லை.

பொங்கல் முடிந்து அப்பா சென்னை வந்தார். மறுநாள் காலை அவரைக் காணோம். கீழே பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்துவைத்து, டிப்ஸ்டிக்கை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் பல ஜெர்மன் கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. நல்லவேளை, என் காரில் இருந்தது.

"ஏங்கண்ணு, ஆயில் எப்ப மாத்துன?"

"இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் இருக்குப்பா. டிஸ்ப்ளேல காட்டுதே."

"அளவு மேல ஏறியிருக்குது பாரு. ஓடற வண்டில ஆயிலு குறையும், ஏறுமா? மோந்து பாரு. டீசல் வாசம்."

அப்பா அந்தக் காலத்து வண்டிகளை மட்டுமே ஓட்டியவர். டீசல் எப்படி ஆயிலுக்குள் போனது என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் தேடிப் படித்தேன்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு டீசல் கார்களில் டி.பி.எஃப். என்கிற துகள் வடிகட்டி வந்துவிட்டது. புகையிலுள்ள கரித்துகளை அது பிடித்துவைக்கும். நிறைந்ததும் அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிட வேண்டும். அந்தச் சூட்டுக்காகப் பல இன்ஜின்கள் வழக்கமான எரிப்பு முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். ஹைவேயில் தொடர்ந்து இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். நான் ஓட்டுவதோ வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஏழு கிலோமீட்டர், அதிலும் பாதி நேரம் சிக்னலில். எரிப்பு தொடங்கும். முடிவதற்குள் வண்டியை அணைத்துவிட்டு லிஃப்டுக்குப் போயிருப்பேன். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. அளவு ஏறியது, ஆயில் நீர்த்தது.

நீர்த்த ஆயில் முதலில் சோதிப்பது டர்போவை. வீணாகும் புகையைக் கொண்டே காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளலாம் என்று சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி காப்புரிமை வாங்கியது 1905-ல். டீசல் காரில் அது விற்பனைக்கு வர 1978 ஆனது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். ஒரு முனையில் எழுநூறு டிகிரி புகை, மறுமுனையில் வெளிக்காற்று. பெரும்பாலான டீசல் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்துதான் அந்தத் தண்டு சுற்றுகிறது.

மெக்கானிக் டர்போவைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிக் காட்டினார். ஆடக்கூடாத அளவுக்கு ஆடியது. பில் தொகை நான்கு மாத இ.எம்.ஐ.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். "அந்த வண்டிக்கு மட்டும் எப்படிப்பா ஒண்ணுமே ஆகல?"

ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பெனி பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னது. இவர் ஏழாயிரத்து ஐந்நூறில் மாற்றினார். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை மாதாமாதம் வடித்தார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்க மாட்டார். எல்லாவற்றையும் மில் டைரியில் எழுதிவைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி முதலாளியின் கோத்தகிரி பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததும், இரண்டு நிமிடம் இன்ஜினை அணைக்காமல் விட்டுவைப்பார். உடனே அணைத்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். டீசலை வீணாக்குவதாக மேனேஜர் திட்டியிருக்கிறார்.

"ஓடி வந்த மாட்டை வந்ததும் கட்டுத்தறில கட்டிருவாங்களா?" என்றார் அப்பா.

"இத்தனையும் நீங்க பண்ணீங்க. அவரு ஜெர்மன்காரனைப் பாராட்டுனாரே, கோவம் வரலியா?"

"வண்டி நின்னிருந்தா என்னையத் திட்டியிருப்பாரு. நிக்கல, அதனால வண்டியப் புகழ்ந்தாரு. அதுதான் கண்ணு கணக்கு."

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வேலையில் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. சர்வர் விழுந்தால் இருபது பேர் கூடும் மீட்டிங். விழாத முந்நூறு இரவுகளுக்கு ஒரு மெயில்கூட வராது. அதைப் பற்றி நண்பர்களிடம் எவ்வளவு புலம்பியிருக்கிறேன்! ஆனால் அப்பா துணியோடு நின்ற அந்த இடத்தை நான் முதலாளியின் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் நானும் ஜெர்மன்காரனைத்தான் பாராட்டினேன். கடன் வாங்கி அவன் இன்ஜினை வாங்கினேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்ஜின் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல இன்ஜின்தான். ஆனால் 'நம்பகமானது' என்ற சொல்லை இரும்போடு ஒட்டிவைத்து வாங்க முடியாது. யாரோ ஒருவர் தினமும் எதையோ செய்தால்தான் அது இருக்கும். அவர் செய்வது வெளியே தெரியாது. நன்றாகச் செய்தால் இன்னும் தெரியாது.

புது டர்போ போட்டு, புது ஆயில் ஊற்றி, சனிக்கிழமை அப்பாவோடு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வந்தோம். பின்கதவைத் திறந்துவிட்டேன். "அங்க உக்காந்தா சத்தம் கேக்காது" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பார்க்கிங்குக்கு வந்ததும் வழக்கம்போல ஸ்டார்ட் பட்டனுக்குக் கை போனது.

"இரு."

கடைசி ஐந்து கிலோமீட்டர் டிராஃபிக்கில் ஊர்ந்துதான் வந்திருந்தோம். டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும், காத்திருக்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். அப்பா தலையை லேசாகச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.