கை ஊன்றாமல்

இடுப்பளவு எடுக்கத் தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட பிறகு, தோலை அழுத்தாமல் சுற்ற வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் கவனம் தேவை. பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு எல்லை வேறு. ஐரோப்பியருக்கு 30-ஐத் தொட்டால்தான் உடல் பருமன். நமக்கு 25 போதும். புனே மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த யுட்கின் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு டேப்பைக் கையில் எடுத்தேன்.

*

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அம்மா. அதற்குள் பருப்பும் பொரியலும் முட்டையும் தீர்ந்திருக்கும். சாதமும் ரசமும்தான் மிஞ்சும். கூடவே பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த சப்பாத்தி. வீணாக்க மனம் வராது. நம் பெண்களின் உடம்பில் மாவுச்சத்து ஏறுவதும் புரதம் குறைவதும் பெரும்பாலும் இந்த வரிசையால்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ உள்ளவருக்கு 54 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எப்படி நேர்செய்வது?

இப்போதெல்லாம் எனக்கான முட்டையையும் ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டலையும் சமைத்த கையோடு எடுத்து வைத்துவிடுகிறேன். முதல் சில நாள் கூச்சமாக இருந்தது. பெரியவள் மட்டும் கவனித்துவிட்டு, "உங்க கிண்ணத்த யாரும் தொடக்கூடாதுன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேம்மா" என்றாள்.

*

"நாப்பதத் தாண்டுனா உடம்பு ஊதத்தான் செய்யும் அம்மிணி, விடு." பக்கத்து வீட்டு அக்கா.

2021-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை மறுக்கிறது. 29 நாடுகள், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டோர். உடல் அளவையும் தசையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே அளவுதான். மாதவிடாய் நிற்கும் பருவத்தில்கூடப் பெரிய சரிவு இல்லை. அந்தப் பருவத்தில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறுவது உண்மை. ஆனால் குறைவது தசையும் நடமாட்டமும். இரண்டையும் திரும்பப் பெறலாம்.

*

கோவை ரேஸ் கோர்ஸ், காலை ஐந்தரை. ஒரு சுற்று கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர். புடவைக்குக் கீழே ஷூ போட்டு நடக்கும் பெண்களைப் பார்த்தால் அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. அதில் பலருக்கு வாழ்க்கையில் முதல் ஷூ அதுவாக இருக்கும். பிள்ளைகளுக்கு வருடாவருடம் வாங்கிக் கொடுத்தவர்கள். பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவுக் கருவியோடு பரவியது. நடுவயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் 7,000 அடியிலேயே நல்ல பலன் தெரிந்திருக்கிறது.

*

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு, 2006. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர், எல்லோரும் நடுவயது. ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் தினம் அரைமணி நடையும். மூன்று ஆண்டு முடிவில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய எடை மட்டும் பெரிதாகக் குறையவில்லை!

மெஷினில் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திய தோழிகள் எத்தனை பேர். எல்லோரிடமும் சொல்ல வேண்டும். மெஷின் காட்டாத இடத்தில், ரத்தத்திலும் ஈரலிலும், நல்லது நடந்துகொண்டிருக்கும்.

*

ஜிம்மில் இருக்கும் பையன் என்னை டிரெட்மில் பக்கமே அனுப்பினான். "உங்க வயசுக்கு இது போதுங்க மேடம்." போதாது. வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பு தேயத் தொடங்கும் வயதில் பெண்ணுக்கு எடை தூக்குவது ஆணைவிட அவசியம். டம்பெல்லைக் கேட்டு வாங்கினேன்.

*

ஏன் இதெல்லாம்? என் அம்மாவால்தான்.

பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர், அரிவாள்மணையில் உட்கார்ந்து ஊருக்கே காய் நறுக்கியவர். இன்று தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அதனால் உட்காருவதே இல்லை. ஊரில் விசேஷத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. எடை ஒன்றும் அதிகமில்லை அவருக்கு. தொடையில் வலு இல்லை, அவ்வளவுதான்.

பிரேசில் மருத்துவர் அராவுஜோ ஒரு சோதனை வைத்திருக்கிறார். எதையும் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். மொத்தம் 10 மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று கழியும். பிள்ளைகள் இருவரும் பத்துக்குப் பத்து. நான் எழும்போது ஒரு கையும் ஒரு முழங்காலும் ஊன்றுகிறேன். எட்டு.

*

தோப்புக்கரணம் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். டம்பெல் ஐந்து கிலோவுக்கு மாற வேண்டும். மருதமலைக்கு இந்தத் தைப்பூசத்தில் பஸ் இல்லாமல் படியில். அம்மாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சாப்பாட்டுக்கு முன் ஐந்து தடவை; டாக்டர் சரி என்றுவிட்டார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடணும், வழுக்காமல்.