மேலே எண்ணெய் ஏறாத எஞ்சின்

குறுவைக்குத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. நண்பரின் மாமா வீட்டு மாஸி ஃபெர்குசன் மட்டும் தொழி அடிக்க இறங்கவில்லை. டேப்பட் சத்தம். வால்வு கேப் வைத்துச் சரிசெய்தால் இரண்டு நாள் அடங்கும், பிறகு மறுபடியும் தட்டும். கடைசியாகப் பார்த்த பட்டறையில் ஹெட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "நம்ம ஊர் மெக்கானிக் ஒருத்தர் வர்றார், நீயும் வந்து பாரு" என்று நண்பர் கூப்பிட்டார். பாபநாசத்திலிருந்து சாலியமங்கலம் போகும் சாலையோரம், புளியமரத்தடியில் வண்டி நின்றது.

மாஸி ஃபெர்குசனை இங்கே செய்யும் டாஃபே சென்னையில் தொடங்கியது 1960இல். தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைக்குரிய பேக்கேஜ் திட்டத்தில் சேர்ந்ததும் அந்த ஆண்டுவாக்கில்தான். அன்று தொடங்கிய மாற்றத்தில் வயலுக்கு வந்த சிவப்பு வண்டிகளின் வரிசையில் வந்தது இதுவும். சிம்சனின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். சேற்றில் கேஜ் வீல் மாட்டி நாள் முழுக்க இழுப்பதுதான் இதற்கு இங்கே வேலை.

மெக்கானிக்குக் காது கொஞ்சம் மந்தம். பதினான்கு வயதில் கும்பகோணத்துப் பட்டறையொன்றில் சாமான் கழுவும் பையனாகச் சேர்ந்தவர். வந்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதெலும்பில் ஒட்டி, முனையை டேப்பட் கவரில் மூன்று இடத்தில் ஊன்றினார். "வறண்டு கெடக்கு தம்பி" என்றார்.

ஆயில் கேஜ் முள் நன்றாகத்தானே நிற்கிறது என்று கேட்டேன். "அது கீழ உள்ள கணக்கு" என்றார். அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டும். அந்த அழுத்தம் கிராங்க் தாங்கிகளுக்குப் போகும் பெரிய வழியில் உள்ளது. கேம் ஷாஃப்ட் தாங்கியிலிருந்து பிரிந்து, பிளாக், ஹெட் வழியே, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்டுக்கு ஏறுவது மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறு வழி அடைத்துக்கொண்டாலும் முள் அசையாது.

கவரைத் திறந்தார். ராக்கர்கள் பழுப்பேறியிருந்தன. வால்வை அழுத்தும் முனைகளில் குழி. எண்ணெய் இல்லாமல் தேயத் தேய கேப் விரிந்துகொண்டே போயிருக்கிறது. அதனால்தான் கேப் வைத்தது எதுவும் நிற்கவில்லை.

ராக்கருக்குப் போகும் சிறு குழாயைக் கழற்றி, டீசலை நிறுத்திவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். குழாய் வாயில் எண்ணெய் கசிந்தது. ஆக, பிளாக்கும் ஹெட்டும் சுத்தம். அடைப்பு ஷாஃப்டுக்குள். ஷாஃப்டின் முனை மூடியைத் தட்டி எடுத்ததும் உள்ளே பனைவெல்லப் பாகு போலக் கறுப்பு இறுகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்தார். நுனி தட்டையாகத் தேய்க்கப்பட்டது, வளைவு அவரே போட்டது. அதை வைத்து ஒவ்வொரு துளையாகக் குடைந்து, மண்ணெண்ணெயில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கம்பிக்குக் கடையில் விலை கிடையாது. மாட்டும்போது துளைகள் அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். ராக்கரின் பாரம் விழுவது அங்கேதான்.

வெளியிலிருந்து தனிக் குழாய் போட்டு மேலே எண்ணெய் கொடுக்கிறார்களே என்று கேட்டேன். "அளவில்லாம விட்டா கீழ அழுத்தம் செத்துடும். மேல கசியணும், பீய்ச்சக் கூடாது."

இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? பழைய எண்ணெயைக் கழுவிப் புது டப்பாவில் அடைத்து விற்கிறவர்களிடமிருந்து என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அதில் சந்தேகமில்லை. அந்த டப்பாவை அறுவடைக் கடனில் எழுதிக் கொடுக்கிறார்கள். எஞ்சின் கெட்டால் டூப்ளிகேட் சாமானும் அதே கை விற்கிறது, பட்டறைக்கு அதில் கமிஷன் உண்டு. கடன் முற்றினால் தரகர் வந்து, தட்டும் வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார். விளைவித்தவனுக்கும் மிச்சமில்லை, குடைந்து சரிசெய்தவருக்கும் மிச்சமில்லை. நடுவில் நிற்பவன் மட்டும் ஒவ்வொரு கைமாற்றிலும் தின்கிறான். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அன்று மாலையே வண்டி வயலில் இறங்கியது. மெக்கானிக்கிடம் இப்போது தொழில் பழகும் பையன்கள் யாரும் இல்லை. தஞ்சைப் பக்கத்து ஐடிஐ ஆசிரியர்கள் மாணவர்களை இவர் போன்றவர்களிடம் ஒரு பருவமாவது அனுப்பிவைக்க வேண்டும். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கேஜைப் பார்த்து விலை பேசாதீர்கள். டேப்பட் கவரைத் திறந்து எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். திறக்க மறுத்தால் வாங்காதீர்கள்.