எதிராளி வாசிக்கட்டும்

எங்கள் கரிசல்காட்டு ஊரின் கிளை நூலக வாசகர் வட்டம் ஆண்டுதோறும் ஒரு சிறுகதைப் போட்டி நடத்தியது. விதிகள் பெரும்பாலும் எல்லோரும் அறிந்தவைதான். கதை 1,500 சொற்களைத் தாண்டக் கூடாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். கதைத்தாளில் புனைபெயர் மட்டும் இருக்கலாம். சொந்தப் பெயரும் முகவரியும் தனி உறையில். ஆனால் ஒரு விதியை வேறெந்தப் போட்டியிலும் நான் பார்த்ததில்லை. முடிவு அறிவித்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வந்த கதைகள் எல்லாம் நூலகத்தில் வாசிக்கப்படும். எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது. போட்டியில் கலந்துகொண்ட இன்னொருவர்தான் வாசிக்க வேண்டும், முதல் கருத்தையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த விதியை ஏற்படுத்திய பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். இப்போது இல்லை. அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

எழுதியவரே வாசிக்கும்போது கதையின் பலவீனத்தைக் குரல் மறைத்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தாளில் இல்லாத சோகத்தைத் தொண்டையிலிருந்து கொடுத்துவிடுவார். இன்னொருவர் வாசிக்கும்போது அந்த உதவி கிடைக்காது. நீண்ட வாக்கியத்தில் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும். யார் பேசுகிறார்கள் என்று புரியாத இடத்தில் திரும்ப மேலே போய்ப் பார்ப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமலே, எந்த இடம் சரியில்லை என்று தெரிந்துவிடும்.

அந்தக் கூட்டங்களில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த ஒருவர், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும், அதாவது குச்சிகளை வரிசையில் பொருத்தும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல கதை. இரண்டாம் பரிசும் பெற்றிருந்தது. அதை வாசிக்கும் முறை ஒரு பேருந்து நடத்துநருக்கு வந்தது. அவரும் ஆண்டு தவறாமல் எழுதுபவர்; அந்த முறை அவருக்குப் பரிசு எதுவும் இல்லை. வாசித்து முடித்துத் தாள்களை மேசையில் வைத்தார். "டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? எங்கம்மா கட்டை அடுக்கித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. கட்டைக் கணக்குக்குத்தான் கூலி. பேசுறதுக்காகக் கை நிக்காது. உங்க கதையில அந்தப் பொண்ணு பேசுறப்பல்லாம் கையை நிறுத்திட்டுப் பேசுதே?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தன் படியில் மூன்று நான்கு இடங்களில் கோடு போட்டுக்கொண்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு திருத்திய கதையை எனக்குக் காட்டினார். அந்தப் பெண் இப்போது குச்சிகளை வரிசையில் பொருத்திக்கொண்டே பேசினாள். கை ஓடிக்கொண்டிருப்பதால் அவள் பேச்சு துண்டு துண்டாகிவிட்டது. முன்பு அரைப் பக்கத்துக்குப் போன வசனம் மூன்று வரியாயிற்று. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அவள் அடுத்த கட்டையை எடுக்கும் இடத்தில், அவள் வீட்டுக் கஷ்டம் முழுவதும் வந்துவிட்டது. கை நிற்காது என்ற ஒரே ஒரு தகவல் கதையின் பேச்சு, வேகம், துயரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நடுவரின் மதிப்பெண் இதைச் செய்திருக்காது.

இப்படிச் சொல்ல எதிராளிக்கு எப்படி முடிகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வீட்டிலுள்ளவர்கள் நம்மைப் பார்த்துக் கதையைப் படிக்கிறார்கள். நடுவர் கட்டுக்கட்டாகக் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்; விலக்கக் காரணம் கிடைத்ததும் அடுத்த கதைக்குப் போய்விடுவார், போகத்தான் வேண்டும். எதிராளி அதே சொல் வரம்பில், அதே கடைசித் தேதிக்குள் இதே பாட்டைப் பட்டவர். இடம் போதாமல் எங்கே நாம் அவசரமாக முடித்தோம், தெரியாத ஒன்றை எங்கே அலங்காரத்தால் மூடினோம் என்பது அவருக்கு உடனே தெரிகிறது, அந்த வழிகள் அவருக்கும் பழக்கம் என்பதால். நம்மை வெல்ல வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கிறது. அந்த ஆசையோடு படிக்கிற கண் தூங்காது.

தமிழ்ச் சிறுகதையின் பெரிய பெயர்கள் சிலவும் போட்டி வழியாக வந்தவைதான். பி.எஸ். ராமையாவை எழுத்துக்கு இழுத்துவந்தது ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டி. அதற்காக அவர் எழுதியது 'மலரும் மணமும்'. 1933இல் தொடங்கிய மணிக்கொடியை 1935இல் சிறுகதைக்கான இதழாக மாற்றி நடத்தியவர் அவரே. சுந்தர ராமசாமியின் 'தண்ணீர்', தொ.மு.சி. ரகுநாதனின் சாந்தி இதழ் புதுமைப்பித்தன் நினைவாக நடத்திய போட்டியில் பரிசு பெற்ற கதை. ஆனால் எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது இந்தப் பரிசுகளைவிட வேறொரு செய்தி. ராமையாவின் ஊரான வத்தலக்குண்டைச் சேர்ந்தவர் சி.சு. செல்லப்பா. அதே மணிக்கொடியில் எழுதியவர், தானும் சிறுகதைக்காரர். பிற்காலத்தில் அவர் ராமையாவின் கதைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஒரே ஊர், ஒரே இதழ், ஒரே தொழில். இத்தனை பக்கத்தில் இருக்கிற சக எழுத்தாளனின் கதைகளைக் கதை கதையாகப் பிரித்துப் பார்த்து எழுதுவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! ராமையாவுக்குக் கிடைத்த கௌரவங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

உலக இலக்கியத்தில் பேர்பெற்ற கதைப்போட்டி ஒன்றும் நண்பர்களுக்குள் நடந்ததுதான். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பலும் புகையும் வானில் பரவியதால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தங்கியிருந்த வீட்டில், மழைக்கு அடைபட்டுக் கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். பெருங்கவிஞர்களான பைரனும் ஷெல்லியும் பாதியில் விட்டுவிட்டார்கள். பைரனின் மருத்துவரான பாலிடோரி, பைரன் விட்ட துண்டிலிருந்தே ஓர் இரத்தக்காட்டேரிக் கதை செய்தார். ஷெல்லியின் துணைவியான பதினெட்டு வயது மேரி எழுதத் தொடங்கியது 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' ஆக வெளிவந்தது. அதன் கையெழுத்துப் படி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஷெல்லியின் கையால் ஏராளமான திருத்தங்கள். பிழைகளைக் களைந்தார், தொடர்பு விட்ட இடங்களைச் சேர்த்தார். கூடவே, மேரி நேராகச் சொன்ன சில இடங்களில் கனத்த சொற்களைப் போட்டு ஏற்றியும் விட்டார். ஆய்வாளர்கள் இன்றும் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள். என் சார்பு மேரியின் சொற்களுக்கே. அன்போடும் அக்கறையோடும் செய்த திருத்தம்கூட, எழுதியவர் குரலைத் தள்ளிவிட்டுத் தன் குரலை உட்காரவைத்துவிடக் கூடும்.

எங்கள் நடத்துநர் அண்ணாச்சி இந்த எல்லையைச் சரியாகக் காத்தவர். "கை நிக்காது" என்று சொன்னார். இப்படி எழுதுங்கள் என்று ஒரு வரி சொல்லித்தரவில்லை. இடத்தைக் காட்டினார், வழியை எழுதியவரிடமே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு அவருடைய கதை டீச்சரின் கைக்கு வந்தபோது அவரும் அப்படியே செய்தார். கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பும் தகப்பனும் மகனும் பற்றிய கதை அது. "அண்ணாச்சி, எல்லாருமே நல்லவங்களா இருக்காங்க. ஆனா அந்தப் பையன் வீட்டுக்குப் போகப் பயப்படுறான். யாருக்குப் பயப்படுறான்?" என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதை எழுதத்தான் எனக்குத் தைரியம் வரல டீச்சர்" என்றார். பிறகு எழுதினார். நான் படித்த அவர் கதைகளில் மிகச் சிறந்தது அதுதான்.

வட்டாரப் போட்டிகளில் நடுவராக இருந்து பார்த்தவரையில், இந்த மாதிரிக் கேள்வி அரிது. "அருமை", "மனதைத் தொட்டது", "தொடர்ந்து எழுதுங்கள்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. எதிர்த் திசையில் அதைவிட மோசமும் உண்டு. வேறோர் ஊரில் ஒரு பரிசளிப்பு விழாவில், மேடையில் இருந்த பேச்சாளர் ஒருவர் முதன்முதலாக எழுதிய பெண்ணின் கதையிலிருந்து சில வரிகளை உரக்கப் படித்துக் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. கதையில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தது, நான் படித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு கதையில் குறை சொல்லும் உரிமை, அதை முழுக்கப் படித்து அதில் எது உயிரோடு இருக்கிறது என்று கண்டவருக்கே உண்டு.

எங்களுக்குள் போட்டி இல்லாமல் இல்லை. ஆவணி பிறந்ததும் பேருந்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதே அண்ணாச்சி, "என்ன தம்பி, ஆரம்பிச்சாச்சா?" என்பார். எதைப் பற்றி என்று இரண்டு பேருமே சொல்ல மாட்டோம். முடிவுப் பலகையில் அவர் பெயர் மேலே இருந்தால் அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வராது. ஆனால் அவர் கதையை ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்க நேர்ந்தால், வாய்விட்டு வாசிக்க வாசிக்க அந்தக் காந்தல் தணியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் நாக்கில் ஏற்றிச் சொன்ன பிறகு, இது எப்படி வந்தது என்று கேட்கத்தான் தோன்றும். தபால்காரப் பெரியவர் இதை அறிந்தே விதியை வைத்திருக்க வேண்டும்.

எதிராளி மட்டுமல்ல, தேர்ந்தெடுப்பவரும் இப்படி வாய்திறந்து பேசலாம். காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்கும் மரபு நமக்குப் புதிதில்லை. 1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வந்த கதைகளில் மாதம் ஒன்றை ஒருவரைக் கொண்டு தேர்ந்தெடுக்கச் செய்து, கூட்டத்தில் பேசவும் வைத்தது. அந்தப் பன்னிரண்டிலிருந்து ஆண்டின் சிறந்த கதையை இன்னொருவர் தேர்ந்தெடுப்பார். கதைகள் தொகுப்பாகவும் வரும். தேர்ந்தெடுத்தவர் தன் முடிவுக்குப் பொறுப்பேற்றுப் பேசினார்.

இன்று கல்லூரித் தமிழ் மன்றம் முதல் ஊர் நூலகம் வரை போட்டி நடத்தும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. பரிசு பெறாத ஒவ்வொரு கதைக்கும் நடுவரை இரண்டு வரி எழுதச் செய்து, கதையை எழுதியவருக்கு அனுப்பிவையுங்கள். பரிசளிப்பு விழாவில் சிறப்புரைக்கு ஒதுக்கும் நேரத்தைப் பாதியாக்கி, அந்த நேரத்தில் போட்டியாளர்களை ஒருவர் கதையை இன்னொருவர் வாசிக்க விடுங்கள். இதற்குத் தனியாகச் செலவு எதுவும் ஆகாது.