தோள் காட்டிக்கொடுத்தது

2019 ஆம் ஆண்டு எங்கள் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் பெண்களுக்குக் கராத்தே பழக்கத் தொடங்கினார்கள். மகளைச் சேர்த்துவிடத்தான் போனேன். "தனிய நிக்க எனக்கு வெட்கமா இருக்கு, நீங்களும் வாங்கோ அம்மா" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது அவளுக்கு 15 வயது, எனக்கு 42.

முதல் இரண்டு மாதமும் நிற்கவும் குத்தவும் தடுக்கவும் பழகினோம். பிறகு இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி வந்தது. அதைக் குமித்தே என்பார்கள். என் முகத்தைப் பார்த்து என் மனதில் இருப்பதை எவரும் கண்டுபிடிக்க முடியாது என்றொரு நம்பிக்கை எனக்கு இருந்தது. சோதனைச் சாவடி வரிசைகளில் நின்று பழகிய முகம் அது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறி வவுனியா முகாமுக்கு வந்தபோதும், பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று அழாமல் வைத்திருந்த முகம்.

ஆனால் எங்களுக்குப் பழக்கிய தங்கச்சி என் ஒவ்வொரு குத்தையும் தடுத்துவிட்டாள்.

"அக்கா, உங்கட முகம் ஒண்டும் சொல்லேல்லை. தோள்தான் சொல்லுது. குத்த முதல் தோள் உயருது, மூச்சை இழுக்கிறீங்கள், குத்தப் போற இடத்தையே பார்க்கிறீங்கள்."

அவள் விளங்கப்படுத்தினாள். ஒன்றைக் கண்ணால் கண்டு கை அசைய ஏறக்குறைய 0.2 செக்கன் எடுக்கும். கிட்ட நிற்பவரின் வேகமான குத்து அதற்குள் வந்து சேர்ந்துவிடும். அதனால் கைமுட்டியைப் பார்த்துத் தடுக்க நேரம் போதாது. தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முன்கூட்டியே உணர வேண்டும். எதிராளியின் வாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியும் 1645 அளவில் எழுதிவைத்தார்.

எதிராளி அடையாளம் பார்த்துத்தான் தடுக்கிறார் என்றால், பொய் அடையாளம் காட்டி அவரை ஏமாற்றலாம். முன்கையால் முகத்துக்குக் குத்துவதுபோல் காட்டினால் அவர் கைகள் மேலே போகும். வயிறு திறக்கும். பின்கை அங்கே போக வேண்டும். ஆனால் அந்தப் பொய்க் குத்து உண்மைபோல் இருக்க வேண்டும். அரைமனதோடு செய்தால் ஒருவரும் ஏமாறமாட்டார்கள்.

தெருவில் உதவும் பாடமும் ஒன்று உண்டு. ஒருவன் மிரட்டிக்கொண்டு வந்தால், இரு உள்ளங்கைகளையும் விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, "வேண்டாம், தள்ளி நில்லுங்கோ" என்று உரத்துச் சொல்ல வேண்டும். பார்ப்பவனுக்கு அது சமாதானம் பேசுவதுபோல் தெரியும். உண்மையில் கைகள் காவலுக்கு வந்துவிட்டன. தள்ளிவிட்டு ஓட அது போதும். நேரம் கேட்பதுபோல், வழி கேட்பதுபோல் நெருங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் கவனத்தை விட்டுவிடாமல், கையையும் கிட்ட வரும் தூரத்தையும் பாருங்கள்.

ஒருநாள் மகளையும் என்னையும் மோதவிட்டார்கள். முகத்துக்குக் காட்டி வயிற்றில் தொட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். இருவரும் குனிந்து வணங்கினோம். வணங்கியதும் அவள் எங்கே ஏமாற்றினாள் என்பதை எனக்குச் செய்து காட்டினாள். அங்கே அதுதான் வழக்கம்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள், "அம்மா, அப்பாவைப் பற்றிக் கேட்டாலும் உங்கட தோள் இப்பிடித்தான் உயரும்."

நான் பேசவில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு. நான் பசியில அழுததாலதானே அப்பா கஞ்சி வாங்கப் போனவர்?"

கஞ்சி வரிசையில் ஷெல் விழுந்துதான் அவர் போனார். அவள் தன்னை நோவாள் என்று பயந்து, பத்து வருடமாக வேறு கதை சொல்லிவந்தேன். நான் மறைத்ததையே அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

வழியில் இருந்த மதகில் இருவரும் இருந்தோம். அவர் ஒவ்வொரு நாளும் அந்த வரிசைக்குப் போனவர், அவள் அழாவிட்டாலும் போயிருப்பார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்றுதான் பிள்ளைக்கு முன்னால் அழுதேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சகோதரிகளே, மறைக்கப் பழகித்தான் நாங்கள் உயிர் தப்பினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் எதிராளிகள் அல்லர். குனிந்து வணங்கிய பிறகு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை நான் அந்த மண்டபத்தில்தான் படித்தேன்.